பம்பாயில் தோற்றது என் ஜடையால்தான்

அந்தத் தொடரை நாம் ஏன் தோற்றோம் என்று என் வயதுக்காரர்கள் கூடுகிற இடத்தில் இன்றும் பேச்சு வரும். ஒருவர் கேப்டன் மேல் பழி போடுவார். ஒருவர் டாஸ் என்பார். இன்னொருவர் பம்பாய் ஆடுகளத்தையே பிடித்துத் திட்டுவார். நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பேன். பிறகு, "போதும், விடுங்கள். காரணம் நான்தான்" என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதினோரு வயதில், திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு, இடுப்புக்குக் கீழே தொங்கிய ஒரே ஒரு ஜடையால், பம்பாயில் நடந்த ஆட்டத்தை நான் தோற்கடித்தேன். இதை எந்தப் பத்திரிகைக்காரரும் எழுதவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், கிரிக்கெட் ஆட அந்தத் தீவுக்காரர்கள் வந்திருந்த குளிர்காலம். உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்து மேட்ச். முதல் இரண்டையும் நாம் தோற்றோம், அதுவும் சாதாரணமாக இல்லை, துவைத்துக் காயப்போட்டார்கள். மூன்றாவதை எப்படியோ ஜெயித்தோம். நான்காவது மெட்ராஸில், பொங்கலை ஒட்டி. ஐந்தாவது பம்பாயில்.

எங்கள் வீட்டில் கமெண்டரி கேட்பது லேசான வேலை இல்லை. முன்கட்டில் இரண்டு தறி. கைத்தறி இல்லை, கரண்ட்டில் ஓடுகிறவை. காலையில் நைனா, அதாவது அப்பா, சுவிட்சைப் போட்டால் வீடு முழுக்க அதிரும். சோற்றுத் தட்டில் தண்ணீர் வைத்தால் அதில் வட்டம் வட்டமாக அலை வரும். நாங்கள் மூன்று பேரும் கத்தித்தான் பேசுவோம். வெளியூருக்குப் போனால், "ஏன் இந்தக் குடும்பம் சண்டை போட்டுகினே இருக்குது?" என்று கேட்பார்கள். அந்தச் சத்தத்தில் ரேடியோ எங்கே கேட்கும்?

ஆனால் எனக்கு ஒரு வழி இருந்தது. அந்த வருஷங்களில் கரண்ட் அடிக்கடி போகும். போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தறி நின்ற அந்த நொடியில் வீட்டுக்குள் திடீரென்று அமைதி வரும், காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த மாதிரி. என் டிரான்சிஸ்டரோ பேட்டரியில் ஓடுவது. நைனா தலையில் கை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். நான் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவேன். என் நைனாவின் பிழைப்பு நின்றால்தான் எனக்குக் கிரிக்கெட். இதில் எனக்குத் துளிக்கூட வருத்தம் இருந்ததில்லை. மேட்ச் நடக்கும் நாட்களில் பல் விளக்கும்போதே, 'முருகா, பத்து மணிக்கு மேல கரண்ட்ட எடுத்துடு' என்று கேட்டுக்கொள்வேன்.

டிரான்சிஸ்டர் என் தாய்மாமாவுடையது. அம்மாவின் தம்பி. மெட்ராஸில் ஓர் அச்சகத்தில் வேலை. புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பழுப்புத் தோலுறை, முன்பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும், வெயிலில் வைத்தால் செருப்புக் கடை வாசனை வரும். பேட்டரி தளர்ந்துவிட்டால் கூரை ஓட்டின் மேல் காயவைப்பேன். இரண்டு மணி நேரம் காய்ந்தால் அரை மணி நேரம் பேசும். கொஞ்சம் கை அசைந்தால் தெலுங்கு ஸ்டேஷன் வந்துவிடும். பேட் செய்ய ஆள் இறங்கிக்கொண்டிருப்பார், திடீரென்று தெலுங்கில் கத்தரிக்காய்ச் சாகுபடி பற்றி ஒருவர் நிதானமாகச் சொல்வார். எங்கள் ஊரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. எனக்குக் கத்தரிக்காய்ப் பூச்சியைப் பற்றியும் நிறையத் தெரியும்.

மெட்ராஸ் மேட்ச்சுக்குத் தமிழில் சொல்வார்கள். மற்ற ஊர் என்றால் இங்கிலீஷும் இந்தியும்தான். எனக்கு இரண்டும் வராது. எண்கள் மட்டும் தெரியும். மற்றதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். சத்தம் எழும்பி நிலைத்தால் நமக்கு நாலு ரன். எழும்பி அறுந்து விழுந்தால் நம் ஆள் அவுட். இதில் நான் தவறியதே இல்லை.

கரண்ட் போகாத நாட்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த சோடாக்கடைதான் கதி. கடைக்காரர் ஒரு சிலேட்டில் ஸ்கோர் எழுதித் தொங்கவிடுவார். அங்கே நின்று பார்ப்பதெல்லாம் ஆண்கள். ஒரு பெண் பிள்ளை நிற்க முடியாது. அதனால் வீட்டில் காப்பித்தூள் இல்லை, சீரகம் இல்லை, நூல் இல்லை என்று நானே கண்டுபிடித்துச் சொல்லி, ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்தக் கடையைக் கடப்பேன். நடக்கும்போது கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் படிக்கப் பழகியிருந்தேன். முதல் இரண்டு மேட்ச் தோற்றபோது அந்தச் சிலேட்டைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தேன். அம்மா வயிற்றுவலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். இரண்டு தடவையும் குடித்தேன்.

இனி ஜடைக்கு வருகிறேன்.

என் முடி என்னுடையது இல்லை. அது அம்மாவின் சொத்து. வெள்ளிக்கிழமை காலையில் சூடான எண்ணெய், அரை மணி ஊறல், சீயக்காய், பிறகு சாம்பிராணிப் புகை. கண் எரிந்து நான் கத்தினால் தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. தறிக்கு நூலைத் தாரில் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல்களால் அம்மா சிக்கெடுப்பாள். அவள் வேறு எதையும் அவ்வளவு மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை. தெருவில் யாராவது, "உம் பொண்ணுக்கு இன்னா முடி!" என்று சொல்லிவிட்டால் அன்று சாயங்காலம் எனக்குச் சுற்றிப் போடுவாள்.

அந்த வருஷம் தைக் கடைசி முகூர்த்தத்தில் மாமாவுக்குப் பள்ளிப்பட்டில் கல்யாணம். கல்யாணத்துக்கு எனக்குப் பூத்தைத்து ஜடை போடுவது என்று அம்மா ஆறு மாதம் முன்பே முடிவு செய்திருந்தாள். பிறகு ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, முகமும் தெரிகிற மாதிரி ஜடையும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. அம்மாவுக்குச் சிறு வயதில் அப்படி ஒரு போட்டோ எடுக்க வீட்டில் வசதி இல்லை. அதனால் எனக்கு எடுத்தே ஆக வேண்டும். கறுப்புப் பட்டில் சிவப்பு மணி கோத்த குஞ்சலம் ஒன்று வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். நான் ஆள் இல்லாதபோது அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். எனக்கும் அந்தப் போட்டோவில் ஆசைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை நான் மறைக்கப்போகிறேன்.

மெட்ராஸ் மேட்ச்சுக்கு ஒரு வாரம் முன்பு அம்மா மலைக்குப் படி பூசை செய்யப் போனாள். எங்கள் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து ஏற வேண்டும். மார்கழி கழிவதற்குள் வருஷம் ஒருமுறை அம்மா இதைச் செய்வாள். எதற்காக என்று நான் கேட்டதில்லை. குங்குமக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது என் வேலை. பாதி மலையில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே குளமும், தூரத்தில் ரயில் ரோட்டுப் புகையும் தெரிந்தன. எனக்கு அப்போது தோன்றியது. நம் ஆட்கள் மட்டையை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் செய்வார்கள்? மேலே இருப்பவரிடம் நேரடியாகப் பேசிவிட வேண்டியதுதான். எங்கள் ஊர்ச் சாமி. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. நான் கேட்டால் செய்யாமலா இருப்பார்? கண்ணை மூடிக்கொண்டு, 'மெட்ராஸ் மேட்ச் கெலிச்சா என் முடியைக் கொடுக்கிறேன்' என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊரில் முடி கொடுப்பதாக வேண்டிக்கொள்வது சாதாரணம். பரீட்சைக்கு, காய்ச்சலுக்கு, காணாமல் போன எருமைக்கு என்று எதற்கும் வேண்டிக்கொள்வார்கள். மொட்டைத் தலைகள் தெருவில் வராத நாள் கிடையாது. ஆகவே நான் செய்தது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

பொங்கல் வந்தது. தறிகளுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். கரண்ட் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத் தேவையே இல்லாத நாட்கள். அதோடு தமிழ்க் கமெண்டரி. ஒவ்வொரு பந்தும் புரிந்தது. புதுத் துணி கஞ்சி வாசனையோடு, கையில் கரும்புச் சாறு பிசுபிசுக்க, டிரான்சிஸ்டரைக் காதோடு அணைத்துக்கொண்டு நான் வாழ்ந்த அந்த ஐந்து நாளுக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். கடைசி நாள் மாட்டுப் பொங்கல். நைனாவுக்கு ஐந்து நாள் ஆடிவிட்டு யாரும் ஜெயிக்காமலும் போகலாம் என்பது பிடிபடவே பிடிபடாது. "அஞ்சு நாள் நெய்ஞ்சிட்டு துணி இல்லன்னு சொன்னா விடுவாங்களா?" என்று கேட்பார். அவரும் அன்று என் பக்கத்தில் வந்து குந்தினார். அவர்களின் விக்கெட் விழ விழ நைனா தொடையில் தட்டினார். ஜெயித்தோம். இரண்டுக்கு இரண்டு. நான் கொல்லையில் குதித்த குதியில் துவைக்கிற கல்லில் இடித்து முழங்காலில் தோல் பெயர்ந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று இந்த நாட்டில் நான் ஒருத்திதான் அந்த வெற்றியை முன்கூட்டியே உறுதி செய்தவள். அந்த மிதப்பில் அம்மாவிடம் வேண்டுதலைச் சொல்லிவிட்டேன்.

அம்மா கையில் இருந்த வடைமாவு அப்படியே நின்றது. என் ஜடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சாமி மாடத்துக்குப் போனாள். வெள்ளைத் துணியைக் கிழித்து மஞ்சளில் நனைத்து, அதில் ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்தாள். வேண்டுதலை உடனே செலுத்த முடியாதபோது இப்படிச் செய்வது வழக்கம். கொடுக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சாமியிடம் சொல்லி வைப்பது. கல்யாணம் முடிந்து மறுநாளே முடி இறக்கிவிடலாம் என்றாள் அம்மா. முடிச்சை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். அங்கே ஏற்கனவே ஒரு பழைய முடிச்சு இருந்தது. மஞ்சள் போய் மண் நிறமாகிவிட்ட முடிச்சு. பார்த்தேன், ஆனால் என்னவென்று கேட்கவில்லை. எனக்கு இருந்த நிம்மதி எல்லாம் ஒன்றுதான். போட்டோவும் கிடைக்கும், மேட்ச்சும் கிடைத்துவிட்டது.

பம்பாய் மேட்ச் தொடங்கியது. தொடரை முடிவுசெய்கிற ஆட்டம் என்பதால் அதற்கு மட்டும் ஆறு நாள். பொங்கலுக்கு நிறுத்திய வேலையெல்லாம் சேர்ந்துகொண்டு நைனா தறியை விடாமல் ஓட்டினார். வழக்கமாகப் போகிற கரண்ட் அந்த வாரம் போகவே இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் கேட்டால் கரண்ட்டை எடுப்பவர், இப்போது என் பேச்சைக் கேட்கவில்லை. சோடாக்கடைச் சிலேட்டில் அவர்கள் ஸ்கோர் ஏறிக்கொண்டே போனது. கடைக்காரர் ஒரு கட்டத்தில் அழித்து எழுத அலுத்துப்போய் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார். கடைசி நாள் நான் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வேப்பமரம் வரை போனேன். தறிச் சத்தம் அங்கே வராது. பம்பாய்க் கூட்டத்தின் சத்தம் எழும்பி எழும்பி அறுந்து விழுந்தது. பிறகு எழும்பவே இல்லை. இந்தியில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, தோற்றுவிட்டோம் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

எனக்குத் தோல்வி புதிதில்லை. முதல் இரண்டில் அழுதது ஆட்டக்காரர்களுக்காக. இது வேறு. இந்த முறை குற்றம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது என் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. சாமி கொடுத்தார், நாங்கள் கொடுக்கவில்லை. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பதினோரு வயதில் இதைவிடத் தெளிவான கணக்கு எனக்கு வேறு எதுவும் தெரிந்ததில்லை. நாடு முழுக்க எத்தனை பேர் இந்நேரம் சாப்பிடாமல் படுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நெஞ்சு வலித்தது. அந்த வலியை வைத்துக்கொள்ள முடியாமல் யார் மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா ராட்டை முன் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"உன்னாலதாம்மா தோத்தோம். சாமிக்குச் சொன்னத தள்ளிப் போட்டா சாமி சும்மா இருக்குமா? குடுத்தத எடுத்துக்கிச்சி பாரு. எல்லாம் உன்னாலதான்."

எனக்கும் போட்டோ ஆசை இருந்ததை அப்போது சொல்லவில்லை. பழியைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அம்மா ராட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் ராட்டை சுற்றவில்லை. அப்போது தறி நின்றது. கரண்ட் போகவில்லை, தலைக்கு மேலே பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது. நைனா சுவிட்சை அணைத்திருந்தார். வேலை நேரத்தில், கரண்ட் இருக்கும்போது, நைனா தறியை நிறுத்தி நான் அதுவரை பார்த்ததில்லை. நான் ஆசைப்பட்ட அந்த அமைதி வீடு முழுக்க வந்தது. அதில் நைனா கத்தாமல் பேசினார்.

"பாப்பா, வெளிய போய் குந்து."

அவ்வளவுதான். அடித்திருந்தால் அழுதிருப்பேன். மேட்ச்சுக்காக நைனாவும் வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு வெளியே போனேன். பாருங்கள், எவ்வளவு கெட்டிக்காரி நான்.

மறுநாள் காலையில் அம்மா எழுப்பினாள். தலைக்கு எண்ணெய் இல்லை, பின்னல் இல்லை. "வா, மலைக்குப் போலாம்" என்றாள். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. குஞ்சலம் என்ன ஆவது என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

மலையடிவாரத்தில் குளத்துக்குப் பக்கத்தில் முடி இறக்குகிற கொட்டகை. சீட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். ஈர முடியும் சந்தனமும் கலந்த அந்த வாசனை எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூக்கிலேயே இருக்கும். முடி இறக்குகிறவர் வயதானவர், நூறு பேரிடம் கேட்டதை என்னிடமும் கேட்டார். என் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, யாருக்கு வேண்டுதல் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"இந்தியாவுக்கு."

அவர் கத்தியை எடுத்த கையோடு அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கெலிச்சாங்களா?"

"ஒண்ணு கெலிச்சாங்க. ஒண்ணு தோத்துட்டாங்க. கெலிச்சதுக்குத்தான் இது."

அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். முடி மடியில் விழுந்தது. இவ்வளவு கனமா என்று இருந்தது. அம்மா அதைக் கையால் தொடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். குளத்தில் மூழ்கி எழுந்தபோது தை மாதக் குளிர் நேராக மூளைக்குள் போனது. அம்மா தலை முழுக்கச் சந்தனம் பூசினாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் உள்ளங்கை என் மண்டையில் பட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை நடுவில் முடி இருந்தது.

படி ஏறினோம். மேலே கும்பிட்டுவிட்டு உண்டியல் முன்னால் நின்றோம். அம்மா இடுப்பில் செருகியிருந்ததை எடுத்தாள். இரண்டு முடிச்சு. ஒன்று என்னுடையது, புது மஞ்சள். இன்னொன்று அந்த மண் நிற முடிச்சு.

யாருடையது என்று கேட்டேன்.

"உன் தம்பிது."

எனக்கு ஒரு தம்பி இருந்தது அப்போதுதான் தெரியும். அம்மா உண்டியலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நினைவு நிற்காத என் மூன்று வயதில் பிறந்தவன். முதல் மொட்டைக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். மாமாவுக்கு அச்சகத்தில் லீவு கிடைக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அதுவரை பொறுத்துக்கொள் என்று அம்மா காசு முடிந்து வைத்தாள். ஆடி வருவதற்குள் மூன்று நாள் காய்ச்சலில் பையன் போய்விட்டான். பதினோரு மாதம். கொடுக்க வேண்டிய முடி இல்லாமல் காசை மட்டும் எப்படிப் போடுவது என்று தெரியாமல் ஏழு வருஷம் அதைப் படத்துக்குப் பின்னாலேயே வைத்திருந்தாள். வருஷா வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் குனிந்து குனிந்து மஞ்சள் பூசினாள்.

தள்ளிப் போட்டால் சாமி சும்மா இருக்குமா என்று அந்த அம்மாவிடம்தான் நான் கத்தியிருக்கிறேன். நைனா ஏன் தறியை நிறுத்தினார் என்று அப்போது புரிந்தது. இரண்டாவது தறிக்கு மேலே விட்டத்தில் ஒரு கொக்கி இருக்கும். எதற்கு என்று ஒருமுறை கேட்டபோது பல்ப் மாட்ட என்று நைனா சொன்னார். அதில் பல்ப் தொங்கியதும் உண்மை. அதற்கு முன்னால் தொங்கியது தம்பியின் தூளி என்று உண்டியல் முன்னால் நிற்கும்போது தெரிந்தது. எனக்குத் தெரியக் கூடாது, குழந்தை பயந்துவிடும் என்று இரண்டு பேரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அது தப்பு என்று இப்போது சொல்வேன். சொல்லியிருந்தால் அந்த வார்த்தையை நான் பேசியிருக்க மாட்டேன். எனக்கு இன்றும் அதை நினைத்தால் காது சூடாகிறது.

அம்மா இரண்டு முடிச்சையும் என் உள்ளங்கையில் வைத்து, என் கையைப் பிடித்துச் சேர்த்தே போட்டாள். உள்ளே விழுந்த சத்தம் கேட்கவில்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது.

கல்யாணத்துக்கு மொட்டைத் தலையோடுதான் போனேன். பள்ளிப்பட்டில் எல்லாரும் என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள். மாமா தலையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சொல்லியிருப்பாள். கல்யாணப் போட்டோ ஒன்றில் நான் ஓரத்தில் நிற்கிறேன், என் தலை மேல் அம்மாவின் கை இருக்கிறது. அம்மா நினைத்திருந்த கண்ணாடிப் போட்டோ கடைசிவரை எடுக்கவே இல்லை. முடி மறுபடி வளர்ந்தபோது எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது. குஞ்சலம் டிரங்குப் பெட்டியிலேயே இருந்து, எந்த வீடு மாறும்போதோ தொலைந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தியது, அன்று படி இறங்கும்போது நடந்தது. பாதி மலையில், முன்பு நான் வேண்டிக்கொண்ட அதே இடத்தில், அம்மா நின்றாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டாள்.

"அடுத்த மேட்ச் எப்போ?"

தெரியாது, அவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள் என்றேன்.

"மறுபடி வருவாங்க இல்ல?"

"ஆங். வருவாங்க."

நாலு படி இறங்கினாள். என் மொட்டைத் தலையில் முந்தானையைப் போட்டு வெயிலுக்கு மூடினாள்.

"அப்போ வேண்டிக்கோ. வேணாம்னு சொல்லல. ஆனா சும்மா வேண்டிக்கோ பாப்பா. அது குடுக்கறேன், இது குடுக்கறேன்னு எதையும் சொல்லி வெக்காத."

பிறகு எத்தனையோ தொடர் தோற்றோம், எத்தனையோ ஜெயித்தோம். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் நான் வேண்டிக்கொள்ளத்தான் செய்கிறேன். கை கூப்பி, கண்ணை மூடி, ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் கேட்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.